ஜெர்மனியில் வேலைக்குச் சேரப் போகிறேன். இடம்பெயரும் செலவை நிறுவனம் தருமா, நான் எவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும்?

இடப்பெயர்வுச் செலவைத் தர வேண்டும் என்ற பொதுவான சட்டக் கடமை அங்குள்ள நிறுவனங்களுக்கு இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கேளுங்கள், ஒப்புக்கொண்டதை எழுத்தில் பெறுங்கள். நிறுவனம் நேரடியாகச் செலுத்துகிறதா, ரசீது காட்டிய பிறகு திருப்பித் தருகிறதா என்பது மிக முக்கியம், ஏனெனில் இரண்டாவது முறையில் முழுத் தொகையையும் முதலில் நீங்களே புரட்ட வேண்டியிருக்கும். குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் அத்தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை உள்ளதா என்றும் பாருங்கள்.

விசா கட்டணம் 75 யூரோதான். விமானச் சீட்டும் ஒருமுறைச் செலவு. உண்மையான சுமை வீடுதான். வாடகை முன்பணமாக, வெப்பமூட்டல் போன்ற கூடுதல் செலவுகள் சேராத மூன்று மாத வாடகை வரை உரிமையாளர் கேட்கலாம். ஆனால் அதை மூன்று சம மாதத் தவணைகளாகச் செலுத்தும் உரிமையை ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 551ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. இதை அறியாமல் ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கிச் செல்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. சம்பளம் பெரும்பாலும் மாத இறுதியில்தான் வரும் என்பதால், முதல் தவணை, முதல் மாத வாடகை, தற்காலிகத் தங்குமிடம், இரண்டு மாதச் சாப்பாடு ஆகியவற்றுக்கான பணம் கையிருப்பில் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனம் ஈடுசெய்யாத, வேலை காரணமான இடப்பெயர்வுச் செலவுகளை ஜெர்மன் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கோரலாம்.