ட்ரில் போட்டால் மணலாகக் கொட்டும் சமையலறைச் சுவர்

சமையலறைச் சுவரில் ட்ரில் போட்டால் பூச்சு மணலாகக் கொட்டுகிறது, அதன்மேல் டைல்ஸ் ஒட்டி மேல் கபோர்டு மாட்டலாமா என்று கேட்கிறீர்கள். அந்தப் பூச்சின் மேல் டைல்ஸும் ஒட்டாதீர்கள், மேல் கபோர்டும் மாட்டாதீர்கள். ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்கத் துளையில் செருகும் உறை) சுழல்கிற சுவரில் பெரிய பிளக் போட்டாலும் பிடிக்காது. செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசுவதுதான் வழி.

30 வருட வீடு, சிங்க் பக்கம் மட்டும் இப்படி என்கிறீர்கள். பெரும்பாலும் சுவருக்குள் போகும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கசிகிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

1. நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொப்’பென்று கேட்டால் பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கிறது; அந்த இடமெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

2. ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. முதலில் பைப்பை மாற்றுங்கள், சுவர் காயட்டும். அவசரப்பட்டுப் பூசினால் அந்தக் காசு தண்டம்.

3. செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, நனைத்து, 1:4 சிமென்ட் கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணல்) 12 மி.மீ. பூச்சு. பூச்சுக்கு 7 நாள் தண்ணீர் விட்டு நனைத்த பிறகே டைல்ஸ்காரரை உள்ளே விடுங்கள்.

நாலரை அங்குலச் சுவரென்றால் வயருக்காகக் குறுக்கே காடி (நீளப் பள்ளம்) வெட்ட விடாதீர்கள், சுவர் இன்னும் பலவீனமாகும். இடுக்கில் சுண்ணாம்புக் காரை தெரிந்தால் சிமென்ட் பூச்சு வேண்டாம், பொறியாளரிடம் காட்டுங்கள்.