காலி பண்ணச் சொல்லிப் பாருங்களேன்!

கேள்வி: நம் டி.என்.ஏ.வில் ஆதிகால வைரஸ்கள் குடியிருந்துகொண்டு, எந்த ஜீன் எப்போது வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு போடுகின்றனவாமே! காலி செய்ய மருந்து வருமா? (ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: காலியா? வேலூரில் வீடு வாடகைக்கு விட்டவர் யாரிடமாவது அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள் ஐயா, அழுதுவிடுவார். தோட்டப்பாளையத்தில் ஒரு வீட்டுக்காரர், பதினோரு மாத ஒப்பந்தத்தில் கீழ்ப்போர்ஷனை விட்டார். மோட்டார் ஸ்விட்ச் அந்தப் போர்ஷன் சுவரில். இன்றைக்கும் மனிதர் பல் துலக்க வேண்டுமென்றால் மாடிக் கைப்பிடியில் குனிந்து, "சார், கொஞ்சம் மோட்டார்..." என்று கெஞ்சுகிறார். வாடகை உயர்த்துவது பற்றிப் பேச்சே இல்லை.

வைரஸ் விவகாரமும் இதேதான். ரெட்ரோவைரஸ், அதாவது எச்.ஐ.வி.யின் ஜாதி, பல லட்சம், பல கோடி வருடங்களுக்கு முன் நம் மூதாதைகளின் கருமுட்டை, விந்தணு வழியாகப் புகுந்து பரம்பரைச் சொத்தாகிவிட்டது. மனித டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம் அதன் மிச்சம். புரதம் செய்யும் பகுதி 2 சதவீதம்கூடத் தேறாது. அந்த 8 சதவீதத்தில் பெரும்பாலும் செத்த வைரஸ்தான். ஆனால் தன் ஜீன்களை முடுக்க அது இரு முனையிலும் வைத்திருந்த ஸ்விட்சுகளில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன, பக்கத்து ஜீனையும் முடுக்குகின்றன. செல் அவற்றின்மேல் மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்கை ஒட்டிப் பூட்டுகிறது. ஒருவகைச் சுண்டெலியில் அந்தப் பூட்டு தளர்ந்தால் குட்டி மஞ்சளாகவும் குண்டாகவும் வளர்கிறது.

காலி செய்தால் என்ன ஆகும்? நஞ்சுக்கொடியில் செல்களை இணைத்து ஒரே படலமாக்கும் சின்சிடின், வைரஸ் ஜீன் தந்த புரதம் என்று 2000-ல் தெரியவந்தது. அது இல்லாமல் நீங்கள் கேள்வி எழுதப் பிறந்திருப்பது கஷ்டம். அப்புறம், வெறும் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, அது உமிழ்நீரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் நொதியின் வேலை. கணையத்தில் சுரக்கிற சரக்கு வாயிலும் சுரக்க, அந்த ஜீனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வைரஸ் துண்டு காரணம் என்று 1992-ல் சுண்டெலிக்குள் மனித ஜீனை வைத்துக் காட்டினார்கள்.

இதில் எனக்கு ஒரே வருத்தம், ஆம்பூர் பிரியாணியை மெல்லாமல் விழுங்குகிறவர்கள்தான். சீரகச் சம்பா ஐயா அது, மாத்திரையா? வாணியம்பாடிப் பிரியாணிதான் உசத்தி என்று இதற்கும் கடிதம் வரும். வரட்டும், ஸ்டாம்ப் மட்டும் ஒட்டி அனுப்புங்கள். போன முறை அபராதம் கட்டிப் பிரித்தால், உள்ளே என்னைத் திட்டியிருந்தது.