மூன்றாம் தூணை நிறுத்திவிட்டு மினிட் ரிப்பீட்டர் வாங்கலாமா?

கேள்வி: பேர்னில் இருக்கிறேன், வயது 44, உணவகச் சமையலறையில் வேலை. பழைய பொக்கெட் மணிக்கூடு என்றால் எனக்குப் பைத்தியம், சாதாரண வெள்ளி மணிக்கூடுகள் மூன்று வைத்திருக்கிறேன். இப்போது ஒரு கடைக்காரர் 1900 அளவில் செய்த, தங்கக் கூடு போட்ட மினிட் ரிப்பீட்டர் (விசையைத் தள்ளினால் நேரத்தை நிமிடம் வரை அடித்துச் சொல்லும் மணிக்கூடு) ஒன்றைக் காட்டி 14,000 பிராங் சொல்கிறார். முகப்பில் பெயர் எதுவும் இல்லை. பத்து வருடத்தில் இரண்டு மடங்காகும் என்கிறார். இரண்டு வருடம் 3ஏ (மூன்றாம் தூண், ஓய்வுகாலத்துக்காக நாமாகக் கட்டும் சுவிஸ் சேமிப்பு) கட்டாமல் விட்டால் வாங்கிவிடலாம். செய்யலாமா? பிறகு விற்றால் வரி உண்டா?

பதில்: செய்யாதீர்கள். மணிக்கூடு வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, 3ஏ-யை நிறுத்தி வாங்க வேண்டாம் என்கிறேன். ஆண்டுக்கு 7,258 பிராங் வரை கட்டலாம், கட்டிய தொகை முழுவதும் வருமான வரிக் கணக்கில் கழியும், முழுதாகக் கட்டினால் உங்கள் நிலையில் இருப்பவருக்கு வருடம் ஆயிரம் பிராங்குக்கு மேல் வரி மிச்சம். அந்த லாபம் நிச்சயமானது, கடைக்காரர் சொல்வது வாய்ப்பேச்சு.

அந்த 'இரண்டு மடங்கை' கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வருடம் கழித்து உங்கள் கையில் 28,000 வர வேண்டும், ஏலத்தில் விற்கிறீர்கள், விற்பவர் தரகு 10 சதவீதம் என்று வைத்தாலும் சுத்தியல் விழும் விலை 31,000-ஐத் தாண்ட வேண்டும். அதன் மேல் வாங்குபவரும் தரகு கட்டுவார், பெரிய ஏல நிறுவனங்களில் அது 25 சதவீதத்தைச் சுற்றி நிற்கும். ஆக, பெயரில்லாத இந்த மணிக்கூட்டுக்கு யாரோ ஒருவர் கிட்டத்தட்ட 39,000 கொடுத்தால்தான் உங்களுக்கு இரண்டு மடங்கு. யார் கொடுப்பார்கள்? சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் கைக்கடிகாரத்தின் பின்னால் போய்க் கனகாலம், பொக்கெட் மணிக்கூட்டுக்கு ஆட்கள் குறைவு.

உலகத்திலேயே பேர்போன உதாரணத்தை எடுங்கள். நியூயோர்க் வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸுக்காக ஜெனீவா மணிக்கூட்டு நிறுவனமான பட்டெக் பிலிப் செய்து 1933-இல் கொடுத்த, 24 நுட்பங்கள் கொண்ட அந்த மணிக்கூடு 1999-இல் 11 மில்லியன் டொலருக்குப் போனது, 2014-இல் ஜெனீவாவில் சுமார் 24 மில்லியன் டொலருக்கு. செய்தியில் படிக்கும்போது வாய் பிளக்கத்தான் தோன்றும், ஆனால் 15 வருடத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான், அதிலும் அந்தத் தொகை வாங்குபவர் தரகும் சேர்ந்தது என்பதால் விற்றவருக்கு அதைவிடக் குறைவு. உச்சியில் இருக்கும் மணிக்கூட்டின் கதையே இது.

அப்புறம் பராமரிப்பு. ரிப்பீட்டரின் உள்ளே சிறிய சுத்தியல்கள், கம்பிச் சுருள்கள், பல் தேய்ந்தால் கையால் செய்ய வேண்டிய பாகங்கள், இதையெல்லாம் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் சுவிஸிலேயே குறைவு. ஒரு முறை கொடுத்தால் பில் ஆயிரம் பிராங்கைத் தாண்டுவது புதினமல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகும் உங்களுக்கு ஆசை விடாது என்று தெரியும், எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். சரி, 3ஏ கட்டி, ஆறு மாதச் செலவுக்கும் பணம் ஒதுக்கி, மீதியில் சேர்த்து வாங்குங்கள். மினிட் ரிப்பீட்டர்தான் வேண்டும் என்றில்லை, மணியையும் கால் மணியையும் மட்டும் அடிக்கும் குவாட்டர் ரிப்பீட்டர்கள் அந்தக் காலத்தில் நிறையச் செய்யப்பட்டவை, விலையும் பெரும்பாலும் குறைவு. எதை வாங்கினாலும் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மணிக்கூட்டின் இயந்திரத்தை இன்னொன்றின் கூட்டில் பொருத்தி விற்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை, தங்கம் விலை ஏறும்போதெல்லாம் கூட்டை உருக்கிவிடுவதால் வீடில்லாத இயந்திரங்கள் கொஞ்சநஞ்சமல்ல. முகப்பு எனாமலில் மயிரளவு கீறல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மினிட் ரிப்பீட்டர் என்றால் முள்ளை 12:59-க்கு வைத்து அடிக்கவிடுங்கள், பன்னிரண்டு மணி, மூன்று கால் மணி, பதினான்கு நிமிடம் என்று அதற்குரிய மிக நீண்ட கணக்கு அதுதான், இடையில் தடுமாறினாலோ எண்ணிக்கை தவறினாலோ விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். (அடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் முள்ளைத் திருப்பிவிடாதீர்கள், உடைந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும்.) பட்டெக் போன்ற பெயர் இருந்தால், அந்த நிறுவனமே கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய பதிவேட்டிலிருந்து சான்று கொடுக்கும், அது இல்லாமல் அந்தப் பெயருக்கு விலை கொடுக்காதீர்கள்.

கடைக்குத் திரும்பப் போகும் முன் ஒரு விடுமுறை நாளில் லா ஷோ-டி-ஃபோன் மணிக்கூட்டு அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள், பேர்னிலிருந்து தூரமில்லை. நல்ல சாமான்களை நிறையப் பார்த்த கண்ணை ஏமாற்றுவது கஷ்டம்.

வரியைக் கேட்டீர்கள். தனியாள் தன் சொந்தப் பொருளை விற்றுப் பெறும் லாபத்துக்கு இங்கே வருமான வரி இல்லை, ஆனால் அடிக்கடி வாங்கி விற்றால் தொழில் என்று வரி அலுவலகம் எடுத்துக்கொள்ளலாம், அப்போது வரியோடு ஏஎச்வி (அரசின் முதியோர் ஓய்வூதியக் காப்புறுதி) சந்தாவும் வரும். பெறுமதியான சேகரிப்பு என்றால் ஒவ்வொரு வருடமும் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். வீட்டுப் பொருள் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள், நகைக்கும் மணிக்கூட்டுக்கும் களவு இழப்பீட்டில் பெரும்பாலும் உச்ச வரம்பு போட்டிருப்பார்கள், அதற்கு மேல் வேண்டுமானால் தனியாகக் கட்ட வேண்டும், அந்தச் செலவும் உங்கள் கணக்கில் வருடா வருடம் ஏறும்.