லித்தாப்ஸ் வளர்ப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அண்ணா, என் லித்தாப்ஸ் (கூழாங்கல் மாதிரி இருக்கிற, ஒரு ஜோடி தடித்த இலையே உடம்பான செடி) நடுவில் பிளந்து உள்ளேயிருந்து புது ஜோடி இலை வருகிறது, பழையது சுருங்குகிறது. செத்துவிடுமா?

இல்லை தம்பி, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி. வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும். பழைய ஜோடியில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சித்தான் புது ஜோடி வளர்கிறது, அதனால் பழையது மெல்லிய தோலாகக் காயும் வரை ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். பாவம் பார்த்து ஊற்றினால் பழையது காயாமல் நாலு இலையோடு நிற்கும், இல்லை அழுகும். கையால் பிய்க்கவும் வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?

நாள் கணக்கே வேண்டாம். இலையின் பக்கவாட்டைப் பாருங்கள். சாயங்காலம் தெரிந்த சுருக்கம் காலையில் மறைந்திருந்தால் விட்டுவிடலாம். காலையிலும் அப்படியே இருந்தால், அதுவும் இலை மாற்றும் காலமாக இல்லாவிட்டால், அடி ஓட்டையில் வழிகிற அளவு ஊற்றி, அப்புறம் மண் முழுக்கக் காயட்டும். சென்னைக் கத்திரி வெயிலில் செடி தூங்கும். ராத்திரியும் புழுக்கம், மண்ணும் ஈரம் என்றால் கதை முடிந்தது.

நர்சரியில் தந்த தென்னை நார் கலவையே போதுமா?

போதாது, உடனே மாற்றுங்கள். முக்கால் பங்கு பெர்லைட் (செடிக் கலவைக்கான இலேசான வெள்ளைக் குருணை), பொடிக்கல், சலித்த செங்கல் சில்லு. மீதி மட்டும் மண். ஆணிவேர் இறங்குவதால் 10 செ.மீ. ஆழமாவது தொட்டி இருக்கட்டும்.

இது எந்த ஊர்ச் செடி சார்?

தென்னாப்பிரிக்கா, நமீபியா. 1811இல் ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் வில்லியம் பர்ச்செல் தென்னாப்பிரிக்காவின் பிரிஸ்கா ஊர்ப் பக்கம் கூழாங்கல் என்று நினைத்து எடுத்தது இதைத்தான். அங்கே உடம்பு மண்ணுக்குள், மேல்தட்டு மட்டும் வெளியே. அந்தத் தட்டு ஒளி ஊடுருவும் ஜன்னல். வெளிச்சம் அது வழியாக இறங்கி உள்சுவரில் இருக்கிற பச்சையத்துக்குப் போகிறது. வீட்டில் வெளிச்சம் குறைந்தால் செடி நெட்டையாகும், அந்த இலை திரும்பக் குட்டையாகாது. பால்கனி காலை வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள், அடுத்த ஜோடி சரியாக வரும்.

ஆன்லைனில் நீல நிற லித்தாப்ஸ் விதை விற்கிறார்களே?

படத்துக்கு நிறம் ஏற்றியிருக்கிறார்கள். வாங்காதீர்கள்.

பூ, விதை எப்போது எடுக்கலாம்?

விதையிலிருந்து வளர்ந்தால் குறைந்தது மூன்று வருடம். மஞ்சள் அல்லது வெள்ளைப் பூ, மத்தியானத்துக்கு மேல் விரிந்து பொழுது சாய மூடிக்கொள்ளும். தன் மகரந்தமே தனக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் ஒரே இனத்தில் இரண்டு தனித்தனிச் செடிகள் ஒரே சமயம் பூக்க வேண்டும், தூரிகையால் தொட்டு மாற்றுங்கள். காய் முற்றிக் காய்ந்ததும் வெள்ளைத் தட்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கண் முன்னாலேயே திறந்துகொள்ளும், உலர்ந்தால் மறுபடி மூடும். விதை தூசி மாதிரி இருக்கும், மின்விசிறியை அணைத்துவிட்டு உட்காருங்கள்.