கிரவுன் பல் உடைந்த லாரியும் கிடைக்காத செட்டும்

கேள்வி: அருமனை பக்கம் இருக்கிறேன். 2007-ஆம் ஆண்டு வாங்கிய ஆறு சக்கர லாரி ஒன்றை நானே ஓட்டுகிறேன். தோட்டங்களிலிருந்து ரப்பர் தடி ஏற்றிப் பெரும்பாவூருக்குக் கொண்டுபோவதுதான் முக்கிய வேலை. சென்ற வாரம் தோட்டத்து மேட்டில் லோடுடன் ஏறும்போது பின்னால் வெடித்ததுபோல் சத்தம் கேட்டது. அதன்பின் கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை. இன்னொரு லாரியில் கட்டி 12 கிலோமீட்டர் இழுத்து மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில் விட்டிருக்கிறோம். பின்னச்சில் கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தில் மூன்று பற்கள் இல்லை, அதைச் சுழற்றும் பினியன் என்னும் சிறிய பல்சக்கரமும் சிதைந்துவிட்டது. இந்த மாடலுக்கு 6/41 கிரவுன்-பினியன் செட் வருவது நின்றுவிட்டது என்கிறார்கள். கடையில் இருக்கும் 7/41 செட்டைப் போடலாம் என்கிறார் மெக்கானிக். பல்லை வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன் என்கிறார் லேத்காரர். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் இவ்விரண்டும் அடங்கிய டிஃப்ரன்ஷியல் முழுதாகவே கிடைக்கும் என்கிறார் மற்றொருவர். எதைச் செய்வது?

பதில்: வெல்டிங் யோசனையை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். கிரவுனின் பற்கள் மேல்தோலில் மிகக் கடினமாகவும், அதிர்ச்சியைத் தாங்குவதற்காக உள்ளே சற்று இளக்கமாகவும் இருக்கும்படி, கார்பன் ஏற்றிச் சூடாக்கிக் குளிர்வித்துத் தயாரிக்கப்படுபவை. வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தில் அந்தக் கடினம் போய்விடும், பக்கத்துப் பற்களின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். மேலும், அந்த வளைந்த பல் வடிவத்தைச் சாதாரண லேத்தில் கடைந்தெடுக்கவே முடியாது. அதற்கென்று தனி இயந்திரம் வேண்டும். ஒட்டவைத்த பல் ஓட்டத்தில் பெயர்ந்து பினியனுக்கும் கிரவுனுக்கும் நடுவில் சிக்கினால் பின்சக்கரங்கள் ஒரே நொடியில் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் லோடுடன் வரும்போது அப்படி நடந்தால், ஓட்டுநரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அடுத்தது 7/41. இந்த எண்ணின் பொருள் தெரிந்தால் முடிவை நீங்களே எடுக்கலாம். முதல் எண் பினியனின் பற்கள், இரண்டாவது கிரவுனின் பற்கள். 41-ஐ 6-ஆல் வகுத்தால் 6.83, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பினியனுக்கு வரும் தண்டான ஜாயின்ட் 6.83 சுற்றுச் சுற்றவேண்டும். 7-ஆல் வகுத்தால் 5.86 வரும். ஆகவே 7/41 போட்டால், அதே எஞ்சின், அதே கியர் இருந்தும் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை 66-இல் காலியாகத் திரும்பும்போது வண்டி இதமாக ஓடுவதுபோல் தோன்றும். டீசலும் கொஞ்சம் மிச்சப்படலாம். ஆனால் உங்கள் வேலை தொடங்குவதே தோட்டத்து மண்பாதையில்தான். முதல் கியரில் லோடுடன் நின்ற இடத்திலிருந்து மேட்டில் கிளப்ப வேண்டிய வண்டிக்கு 14 சதவீத இழுவை குறைந்தால், அந்தக் குறையை கிளட்ச் பிளேட்தான் தேய்ந்து ஈடுகட்டும். இன்னொரு சிக்கலை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்பீடோமீட்டருக்கான கணக்கு கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து எடுக்கப்படுவதால், முள் 50 காட்டும்போது வண்டி உண்மையில் 58-இல் ஓடும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டிருந்து, அதுவும் அங்கிருந்தே கணக்கெடுத்தால், 80-இல் நிறுத்தவேண்டிய கருவி 93 வரை விட்டுவிடும். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டியாக இருந்து, ஸ்பீடோமீட்டரையும் திருத்திக்கொள்வதாக இருந்தால், நானே 7/41-க்குச் சம்மதித்திருப்பேன். உங்கள் வண்டிக்கு அது வேண்டாம்.

ஆகவே புதிய 6/41 செட், அல்லது நல்ல நிலையிலுள்ள பழைய டிஃப்ரன்ஷியல், இவ்விரண்டில் எது முதலில் கிடைக்கிறதோ அதுவே வழி. கிடைக்கவில்லை என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் நாம் வண்டியின் பெயரைச் சொல்லித் தேடுகிறோம், கடைக்காரரும் அந்தப் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்து இல்லை என்கிறார். பாக எண் காலப்போக்கில் மாறியிருக்கும். பழைய எண்ணுக்குப் பதிலாக எந்தப் புதிய எண் வந்திருக்கிறது என்று கேட்டால் பதில் மாறக்கூடும். அதைவிட முக்கியமானது, ஒரே அச்சு பல வண்டிகளில் போடப்படுகிறது என்பது. உங்கள் லாரி மாடல் நின்றுபோனாலும், அதே அச்சு டிப்பரிலோ பேருந்துச் சேசிஸிலோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

எனவே உடைந்த பாகங்களை டீசலில் கழுவி, பினியன் தலையின் முகப்பையும் கிரவுனின் விளிம்பையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பற்களின் எண்ணிக்கை, ஜோடி எண், சிலவற்றில் பாக எண் ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அழிந்துபோயிருந்தால் பற்களைக் கையால் எண்ணுங்கள். உடைந்த பற்களின் இடத்தையும் சேர்த்து எண்ண மறக்கவேண்டாம். பிறகு கிரவுனின் வெளிவிட்டம், போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அளவும், பினியன் தண்டில் நீளவாக்கில் வெட்டிய வரிப்பற்களான ஸ்ப்ளைன்களின் எண்ணிக்கை, பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் ஆகியவற்றை வெர்னியரில் அளந்து ஒரு தாளில் எழுதி, பாகத்தின் அருகில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, நாகர்கோவில் கடைகளோடு நிறுத்தாமல் மதுரை, நாமக்கல், கோயம்புத்தூர் கடைகளுக்கும் அனுப்புங்கள். லாரித் தொழில் குவிந்திருக்கும் நாமக்கல்லில், மற்ற ஊர்களில் நகராமல் போன சரக்குகூட அலமாரியில் கிடைப்பதுண்டு. களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். மதுரையைவிட அது உங்களுக்கு மிகவும் பக்கம் என்பதை நம்மவர்கள் ஏனோ மறந்துவிடுகிறோம்.

புதிய செட் கிடைத்தால், கிரவுனிலும் பினியனிலும் ஒரே ஜோடி எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். இவை இரண்டும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று சேர்த்து உரசிப் பதப்படுத்தப்படுபவை. பினியன் ஓரிடத்திலும் கிரவுன் வேறோரிடத்திலும் கிடைக்கிறது என்று சேர்த்துப் போட்டால், முதல் நாளே ஊளையிடத் தொடங்கி விரைவில் மீண்டும் உடையும். போலிச் சரக்கைக் கண்டுபிடிக்கப் பழைய பட்டறைகளில் ஒரு வழி உண்டு. பல்லின் வேலை செய்யாத ஓரத்தில் புது அரத்தை மெல்ல இழுத்துப் பார்த்தால், நல்ல சரக்கில் அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிவிடும். கடித்து இழுத்தால் அந்தச் செட்டை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பழைய டிஃப்ரன்ஷியல் வாங்கப் போவதானால், உங்கள் வண்டியில் டிஃப்ரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் ஷாஃப்ட் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். கனம்தான், ஆனால் அதை, அது உட்காரும் உள்பல்சக்கரமான சன் கியரில் செருகிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டில் ஸ்ப்ளைன் எண்ணிக்கை வேறாக இருக்கும். அடுத்து, கிரவுனின் ஒரு பல்லிலும் முன்னால் ஜாயின்ட் மாட்டும் ஃபிளேஞ்சிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஃபிளேஞ்சைச் சுற்றிக்கொண்டே எண்ணுங்கள். கிரவுனின் கோடு மீண்டும் அதே இடத்துக்கு வர ஏழு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஆனால் அது 6/41. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உடைப்புக் கடையில், லாரியிலிருந்து கழற்றியது என்று அடித்துச் சொல்லி என்னிடம் காட்டப்பட்ட ஒன்றில், ஆறு சுற்று முடிவதற்குள்ளாகவே கோடு வந்து நின்றுவிட்டது. அது பேருந்திலிருந்து வந்தது. பேருந்துகளுக்குப் பெரும்பாலும் வேகத்துக்கான கணக்கில்தான் போடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியபிறகு தெரிந்திருந்தால் இரண்டு நாள் கூலி வீண்.

நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உப்பு. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் பக்கம் மீன் ஏற்றிய வண்டிகளில் ஐஸ் உருகி வழியும் உப்புநீர் ஆண்டுக்கணக்கில் பின்னச்சின் மேலேயே விழுந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியின் டிஃப்ரன்ஷியலில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலோ, பற்களில் துருவின் பொட்டுகள் இருந்தாலோ விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். பற்கள் பளபளப்பாக இருந்து, பினியனை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டமில்லாமலும் இருந்தால், அதைப் பிரிக்காமல், பினியன் சீலை மட்டும் மாற்றி அப்படியே மாட்டச் சொல்லுங்கள். ஓடிப் பழகிய ஜோடியின் அமைப்பைக் காரணமில்லாமல் கலைப்பது பட்டறைக்காரர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் பெரிய தவறு.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பல் ஏன் உடைந்தது? அது தெரியாமல் போடும் எந்தச் செட்டும் நிற்காது, கிடைக்காத பொருளை இரண்டாம் முறை தேடி அலைய நேரிடும். உடைந்த பல்லின் முகத்தைப் பாருங்கள். அலை பின்வாங்கிய கடற்கரை மணலில் வரிகள் இருப்பதுபோல் வரிவரியாக இருந்தால், கீறல் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கி, சென்ற வாரம் முடிந்திருக்கிறது. அது தொடர்ந்த அதிக பாரத்தின் வேலை. முகம் முழுவதும் சர்க்கரையை உடைத்தாற்போல் மினுங்கும் பொடிப்பொடியாக இருந்தால் ஒரே அடியில் உடைந்தது. பல் நீலமாகவோ கறுப்பாகவோ வெந்திருந்தால் எண்ணெய் போதவில்லை. பல்லின் வெளிமுனை மட்டும் பெயர்ந்திருந்தால் பினியன் நட் அல்லது பேரிங் தளர்ந்து, ஜோடி விலகி ஓடியிருக்கிறது.

உங்கள் வேலையைப் பார்த்தால், ஒரே அடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். மழை பெய்த செம்மண் மேட்டில் சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்தால், சுற்றும் சக்கரம் திடீரென ஒரு வேரிலோ பாறையிலோ பிடிக்கும் கணத்தில், எஞ்சினின் வேகம் முழுவதும் இரண்டே பற்களின்மேல் அடியாக விழும். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் காலை எடுத்து, கல்லோ கொம்போ போட்டுவிட்டு மெதுவாகக் கிளப்புவதுதான் வழி. பாரமும் காரணமாக இருக்கலாம். தடியைப் பாடியின் உயரம் பார்த்து ஏற்றுவது நம் வழக்கம். ஆனால் வெட்டிய அன்றே ஏற்றும் பச்சைத் தடி, அதே உயரத்தில், சில நாள் உலர்ந்த தடியைவிட நல்ல எடை கூடுதல். மழைக்காலத்தில் ஒருமுறையாவது எடைமேடையில் ஏற்றி, ஆர்.சி. புத்தகத்திலுள்ள எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அச்சின் கூடான ஹவுசிங்கின் மேலுள்ள சிறிய காற்றுத்துளையையும் பாருங்கள். அது மண்ணடைத்திருந்தால், ஓடிச் சூடான அச்சு தோட்டத்து ஓடையில் இறங்கிக் குளிரும்போது உள்ளேயுள்ள காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் இது சிறிய விஷயமல்ல, ஆனால் துளையைச் சுத்தம் செய்ய இரண்டு நிமிடம் போதும்.

நீங்கள் எழுதியதில் என்னைச் சற்றுக் கவலைப்படுத்தியது அந்த 12 கிலோமீட்டர்தான். ஆக்சில் ஷாஃப்ட்டுகளை உருவாமல் இழுத்திருந்தால், சக்கரத்தோடு கிரவுனும் சுற்றி, உடைந்த துணுக்குகள் எல்லாப் பேரிங்குகளிலும் அரைபட்டிருக்கும். இரண்டு ஷாஃப்ட்டையும் உருவி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் வாயைப் பலகையோ தகடோ வைத்து மூடி இழுத்திருக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றாமலேயே இதைச் செய்யலாம். இப்போது ஹவுசிங்கின் நடுப்பகுதியைத் துடைப்பதோடு நிறுத்தாமல், இருபுறக் குழாய்களுக்குள்ளும் கம்பி முனையில் காந்தம் கட்டி ஓட்டித் துணுக்குகளை எடுத்து, டீசலால் கழுவச் சொல்லுங்கள். ஹப் பேரிங்குகளையும் கழற்றிப் பார்க்கவேண்டும். பின் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று அளப்பதும் அவசியம், ஏனெனில் வளைந்த ஹவுசிங்கில் புதுச் செட் நிற்காது.

புதிய செட் பூட்டுவதானால் பினியனின் இரண்டு பேரிங்குகள், பக்கப் பேரிங்குகள், சீல், கிரவுன் போல்ட்டுகள் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பழைய போல்ட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பினியனில் பொறித்துள்ள கூட்டல் அல்லது கழித்தல் எண் பெரும்பாலும் மில்லிமீட்டரின் நூறில் பங்கைக் குறிக்கும். பழையதில் +10, புதியதில் −5 என்றால், பினியன் உட்காரும் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மில் 0.15 மில்லிமீட்டர் மாற்றம் தேவை. பழைய ஷிம்மை அப்படியே போடுவது தவறு. பேரிங் இறுக்கத்தைக் கையால் சுற்றிப் பார்த்து ஊகிக்காமல், ஃபிளேஞ்சில் நூல் சுற்றி, மீன் நிறுக்கும் கொக்கித் தராசு போன்ற ஒன்றால் இழுத்து அளக்கலாம். பற்களுக்கு இடையிலான ப்ளே, அதாவது தளர்வு, டயல் கேஜில், இந்த அளவு அச்சுகளில் வழக்கமாக 0.20 முதல் 0.30 மில்லிமீட்டருக்குள் வரும். உங்கள் அச்சின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. கடைசியாகப் பற்களில் ரெட் லெட் என்னும் சிவப்புப் பூச்சைப் பூசிச் சுற்றவைத்து, தடம் பல்லின் நடுவில், உள்முனையைச் சற்று ஒட்டி விழுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். லோடு ஏறியதும் அது வெளிப்புறம் நகர்ந்து சரியான இடத்துக்கு வரும். இந்தத் தடத்தைக் காட்டத் தயங்கும் பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

எண்ணெய் கட்டாயம் ஜி.எல்.-5 தரம், கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜி.எல்.-4 எண்ணெயில் மிச்சமிருக்கிறது என்று ஊற்றிவிட வேண்டாம். இயந்திரப் பழுதை வழக்கமான வாகனக் காப்பீடு ஏற்காது என்பதால் அந்த வழியில் அலையவேண்டியதில்லை. எட்டு ஆண்டு தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று ஆண்டுதோறும் என்பதால், வண்டி பட்டறையில் கிடக்கும்போது தேதி கடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலியாக 20 கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங் இறுக்கம் அதிகம், திரும்பப் பிரிக்கவேண்டியதுதான். முதல் 500 கிலோமீட்டருக்குப் பாதி லோடு போதும். 1,000 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்து, வடிகால் பிளக்கின் காந்தத்தை விரலால் தடவுங்கள். சாம்பல் நிறத்தில் குழைவாக வந்தால் அது ஜோடி பழகியதன் தூள், துடைத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றலாம். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் செதில் ஏதேனும் இருந்தால், அடுத்த லோடு ஏற்றாமல் அன்றே திறந்து பாருங்கள்.