துறவி வேடத்தில் ஒரு நடிகை

கேள்வி: சீனச் செவ்வியல் நாவலான ‘மேற்கு நோக்கிய பயண’த்தைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்த ஜப்பான்காரர்கள், புத்தத் துறவி வேடத்தை ஒரு நடிகைக்குக் கொடுத்தார்களாமே? அடுத்த நாட்டு இலக்கியத்தில் இப்படிக் கைவைப்பது அநியாயம் இல்லையா?

பதில்: நீங்கள் சொல்வது 1978-இல் நிப்பான் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சாய்யூகி’. துறவியாக நடித்தவர் மசாக்கோ நட்சுமே. கதையில் அந்தத் துறவி ஆணாகவே இருக்கிறார். வேடம் கட்டியவர்தான் பெண்.

இருக்கட்டும். கைவைப்பதுதான் குற்றம் என்றால், முதல் குற்றவாளி அந்த நாவல். அதில் வரும் துறவி வேறு யாருமல்ல, புத்த நூல்களைத் தேடி ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து இந்தியா வந்தவராக நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்த யுவான் சுவாங். அரசு விதித்த பயணத் தடையை மீறி, எல்லைக் காவலர் கண்ணில் படாமல் கிளம்பியவர். பாலைவனத்தில் தண்ணீரைக் கைதவறிக் கொட்டிவிட்டு, நான்கு இரவும் ஐந்து பகலும் நாக்கு நனையாமல் நடந்தவர். நாளந்தாவில் படித்தபின் நம் காஞ்சிபுரம் வரை வந்தார். இலங்கைக்கும் போயிருப்பார், அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று அங்கிருந்து வந்த பிக்குகள் சொன்னதால்தான் திரும்பினார்.

தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1592-இல் அச்சேறிய நாவலில் இந்த மனிதர் என்ன ஆனார்? தடை விதித்த அரசே மறைந்து, பேரரசர் நேரில் வந்து வழியனுப்புகிறார். பூதம் என்று கேட்டாலே துறவி நடுங்குகிறார், அழுகிறார். வந்தவள் பெண்ணல்ல, பிசாசு என்று உள்ளதைச் சொல்லும் குரங்குச் சீடனை நம்பாமல், மந்திரம் சொல்லி அவன் தலைவளையத்தை இறுக்கித் துடிக்க வைக்கிறார். வீரம் முழுவதும் குரங்குக்குப் போய்விட்டது. அப்படிப் போனதால்தான் அது நான்கு நூற்றாண்டாக உயிரோடிருக்கும் கதை. அந்த மாற்றத்தை நான் கொண்டாடுகிறேன்.

நட்சுமே நடித்தது இந்த நாவலின் துறவியைத்தான். மென்மை, அதற்குள் அசையாத பிடிவாதம், சீடர்களைப் பாடாய்ப் படுத்தும் கருணை எல்லாம் அந்த முகத்தில் இருந்தன. 1985-இல், 27 வயதில், ரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அவருக்குப் பின் ஜப்பானில் 1993, 1994, 2006 ஆகிய ஆண்டுகளில் வந்த தயாரிப்புகளிலும் அந்த வேடம் நடிகைகளுக்கே போயிற்று. ஒருவர் நடித்த நடிப்பு மரபாகவே ஆகிவிட்டது. மூன்றாவது சீடனை, தலையில் நீர்க்கிண்ணம் சுமக்கும் ‘கப்பா’ என்ற தங்கள் ஊர் ஆற்றுப் பூதமாக்கியதிலும் எனக்கு வருத்தமில்லை. சீன நாவலிலும் அவன் ஆற்றில் கிடந்த பூதம்தானே.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். அந்தத் தொடரின் நிறைவுப் பாடல், இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம் இருந்த பழைய நாடான காந்தாரத்தை, எல்லாக் குறையும் தீரும் கனவு நாடாகப் பாடுகிறது. கேட்க எனக்கும் பிடிக்கும். ஆனால் நாவலில் அவர்கள் போய்ச் சேருவது புத்தர் வீற்றிருக்கும் கழுகு மலைக்கு. உண்மை யுவான் சுவாங்குக்கோ காந்தாரம் வழியில் கடந்த ஊர். அங்கே ஆயிரம் புத்த மடங்கள் ஆளில்லாமல் இடிந்து, புதர் மண்டிக் கிடந்ததாக எழுதி வைத்திருக்கிறார். கோபப்படத்தான் வேண்டுமென்றால், நடிகையை விட்டுவிட்டு இதற்குப் படுங்கள்.