விளக்கு வைத்த நேரத்தில்: வாசகர் கேள்வி பதில்

கார்த்திகை நெருங்குகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விளக்கைப் பற்றியும் இருட்டைப் பற்றியும்தான். 31 வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது கோயில் கோயிலாகப் போய்ச் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டிருக்கிறவள் நான். எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தையே கேட்டிருக்கிறீர்கள்.

“விளக்கை அணைச்சுட்டேன்” என்று சொன்னதும் என் மாமியார் பதறிப்போனார். அந்தச் சொல்லில் என்ன தவறு?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

எங்கள் வீட்டில் நடுக்கூடத்துச் சுவரில் ஒரு விளக்கு மாடம் உண்டு. அந்த மாடத்தின் மேல்பக்கம் புகை படிந்து படிந்து கரும்பட்டு மாதிரி இருக்கும். அப்பாயி விளக்கை வாயால் ஊதி நான் பார்த்ததே இல்லை. ஒரு சின்னக் குச்சியால் திரியை மெல்லப் பின்னுக்கு இழுத்து எண்ணெயில் அமிழ்த்துவார். ‘சுர்’ என்று ஒரு சத்தம், ஓர் இழை புகை, அவ்வளவுதான். “விளக்கைக் குளிர வச்சாச்சு” என்பார். சில வீடுகளில் ‘மலையேற்று’ என்பார்கள், சில வீடுகளில் ‘அமர்த்து’ என்பார்கள். ‘விளக்கு அணைஞ்சு போச்சு’ என்பது சாவு வீட்டில் சொல்கிற சொல். வாசல் தாண்டும்போது ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்கிறோமே, அதே மனசுதான் இதற்குள்ளும் இருக்கிறது. நாளைக்கும் ஏற்றப்போகிற விளக்கு அல்லவா? மாமியார் பதறியது உங்கள் மேல் கோபத்தால் இல்லை அம்மா, பயத்தால்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் கருவறை கும்மிருட்டாக இருக்கிறது. வயதானவர்களுக்குச் சாமி தெரியவில்லை. எல்.இ.டி. விளக்கு போட நாங்கள் பணம் திரட்டுகிறோம். சிலர் தடுக்கிறார்கள். நீங்கள் யார் பக்கம்?
— ஒரு வாசகர், மன்னார்குடி

தம்பி, நான் தடுக்கிறவர்கள் பக்கம். நான் ஆகமம் படித்தவள் இல்லை. என் கண் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

வெளிப் பிராகாரத்து வெயிலில் கண் கூசுகிறது. மகாமண்டபத்துக்குள் வந்தால் பாதி வெளிச்சம். அர்த்தமண்டபத்தில் அதிலும் பாதி. ஒவ்வொரு நிலைப்படி தாண்டும்போதும் கண் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொள்கிறது. கருவறை முன் நிற்கும்போது முதலில் ஒன்றுமே தெரியாது. பிறகு சரவிளக்கின் சுடர் தெரியும். அதன் பிறகு எண்ணெய் ஏறிய கல்லில் ஒரு மினுக்கம் தெரியும். அர்ச்சகர் தீபத்தைத் தூக்கிக் காட்டும்போது ஆவுடையார், பாணம், நெற்றிப் பட்டை என்று ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து எழுந்து வரும். கரு வளர்கிற அறை என்றுதான் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். தாயின் வயிற்றில் இருட்டு இருப்பது குறை இல்லை அல்லவா?

சில வருடங்களுக்கு முன் ஒரு கோயிலில் கருவறைக்குள் ஃபோகஸ் லைட் போட்டிருந்தார்கள். உள்ளே போனதும் எனக்குத் தெரிந்தவை வெள்ளை டைல்ஸ், ஒரு பிளாஸ்டிக் வாளி, சுவரோடு ஓடிய ஒயர், அரைப் பாட்டில் எண்ணெய். ஆரத்தி காட்டினார்கள், அந்தச் சுடர் வெளிறிப்போய்த் தெரிந்தது. சாமியைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. வெளியே வந்து அழுதேன்.

ஒரு விளக்கு எரிய நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்து ஏற்பாட்டின்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கல்வெட்டுகள் அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்லும். ஆடு சாகத்தான் செய்யும், கிழடாகத்தான் செய்யும். ஆனால் குட்டிகள் அந்த இடத்துக்கு வந்துகொண்டே இருப்பதால் கணக்கில் 96 என்பது குறையாது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை எரிய வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அந்த விளக்குக்கு நுந்தா விளக்கு, நந்தா விளக்கு என்று பெயர்.

இன்னொன்றும் உண்டு. வேட்டையில் அம்பு தவறி ஒருவன் மேல் பட்டு அவன் இறந்துபோனால், எய்தவனுக்குச் சாவுத் தண்டனை கொடுக்காமல், இறந்தவனுக்காகக் கோயிலில் நுந்தா விளக்கு எரிக்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் தீர்ப்புச் சொன்ன சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதல் முதலாக அப்படி ஒன்றைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊர் அவன் பெயரால் ஒரு சுடரை ஏற்றி, அதற்கு நெய்யும் ஏற்பாடு செய்திருக்கிறது.

திரட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். வயதானவர்கள் தடுக்கி விழாமல் இருக்கப் பிராகாரத்திலும் படிகளிலும் நல்ல விளக்குப் போடுங்கள், கைப்பிடிக் கம்பி வையுங்கள். மிச்சத்தை வங்கியில் போட்டு, வட்டியில் கருவறைக்கு நல்லெண்ணெய் வாங்குங்கள். உங்கள் ஊர் 96 ஆடு அதுதான்.

தமிழர்களின் விளக்குத் திருநாள் தீபாவளியா, கார்த்திகையா?
— ஒரு மாணவர், சேலம்

கார்த்திகை. அகநானூற்றின் 141-ஆம் பாட்டில் நக்கீரர் பாடுகிறார்: மழை ஓய்ந்த வானம், மதி நிறைந்து ஆறு மீனோடு, அதாவது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தோடு, சேர்ந்த நள்ளிரவு, “மறுகு விளக்குறுத்து மாலை தூக்கி” ஊரே கூடும் விழா. தெரு முழுக்க விளக்கு. பொருள் தேடிப்போன தலைவன் அந்த விழாவுக்குள் வந்துவிட மாட்டானா என்று தலைவி ஏங்குகிறாள். நம் ஊர்த் தீபாவளியில் விடியுமுன் எண்ணெய்க் குளியலும் புதுத்துணியும்தான் முக்கியம். அகல் வரிசை வைப்பது கார்த்திகைக்குத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. கார்த்திகை வருவதோ முழுநிலவை ஒட்டி. நிலா தெருவெல்லாம் பால் போல் கொட்டிக்கிடக்கிற ராத்திரியில் வாசலில் அகல் எதற்கு? பாதை தெரிவதற்கு இல்லை, இருட்டை விரட்டுவதற்கும் இல்லை. மார்கழியில் கோலம் போடுவது போல, வருகிறவரை வரவேற்கத்தான் என்று எனக்குப் படுகிறது.

என் மகளுக்கு 9 வயது. நல்ல கறுப்பு. பள்ளி விழா நாடகத்தில் சிவப்பான பிள்ளைகளுக்கெல்லாம் தீப வேடம், அவளுக்கு மட்டும் ‘இருள் அரக்கி’. “ஒளி நல்லது, இருள் கெட்டது என்றுதானே புராணமே சொல்லுது?” என்று ஆசிரியை கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
— ஒரு தாய், தேனி

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று நாளாக மேசையிலேயே வைத்திருக்கிறேன். வகுப்பறையில் வாழ்ந்தவள் நான். அந்த ஒரு மாலை அந்தக் குழந்தை மனதில் எத்தனை வருடம் தங்கும் என்று எனக்குத் தெரியும்.

புராணம் அப்படிச் சொல்லவில்லை. திருப்பாவை முதல் பாட்டிலேயே ஆண்டாள் கண்ணனைக் “கார்மேனிச் செங்கண் கதிர்மதியம் போல்முகத்தான்” என்கிறாள். மேனி மேகக் கறுப்பு, அதே ஆளின் முகம் சூரியனும் சந்திரனும். ஒரே அடியில் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டாள். தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குச் சொல்லும் தெய்வம் மாயோன், கரிய நிறத்தவன். காளி கறுப்பு. உங்கள் பக்கத்து ஊர் எல்லைகளில் அரிவாளோடு நின்று ராத்திரியில் காவல் காக்கிற சாமிக்குப் பெயரே கருப்பசாமி. மாணிக்கவாசகர் “நள்ளிருளில் நட்டம் பயின்றாடும் நாதனே” என்று உருகுகிறார். இருட்டு கெட்டது என்றால் ஈசன் ஏன் அங்கே போய் ஆடுகிறான்?

‘இருள் நீக்கு’ என்று பாட்டுகளில் வருகிறதே என்று ஆசிரியை கேட்கலாம். அந்த இருள் வேறு, உயிரின் அறிவை மறைக்கிற ஆணவம் அது. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் எழுதினார்: “ஒருபொருளுங் காட்டாது இருளுருவங் காட்டும், இருபொருளுங் காட்டாது இது.” ராத்திரி இருட்டு வேறு எதையும் காட்டாவிட்டாலும், ‘நான் இருட்டு’ என்று தன்னையாவது காட்டும். ஆணவம் மற்றதையும் காட்டாது, தன்னையும் காட்டாது. ஆணவத்தை விட இருட்டு மேல் என்று சைவ சாத்திரமே சொல்கிறது. தோலின் நிறத்துக்கு அதில் வேலையே இல்லை.

குழந்தைக்கு இன்று ராத்திரி திருக்கோவலூர்க் கதையைச் சொல்லுங்கள். அடைமழை. பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். “ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், வாரும்.” இருவரும் உட்கார்ந்திருக்கும்போது பேயாழ்வார் வருகிறார். “மூவர் நிற்கலாம், வாரும்.” ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டில் மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். அப்போது நான்காவதாக யாரோ நடுவில் புகுந்து நெருக்குகிறார். யாரென்று பார்க்கத்தான் பொய்கையார் உலகை அகலாக்கிக் கடலை நெய்யாக்கிச் சூரியனை விளக்காக ஏற்றுகிறார். பூதத்தார் அன்பையே அகலாக்குகிறார். பேயார் விளக்கே ஏற்றவில்லை, “திருக்கண்டேன்” என்று பார்த்துவிட்டார். ஆனால் அம்மா, பெருமாள் வந்தது விளக்கு ஏற்றிய பிறகு இல்லை. இருட்டாக இருந்தபோதே வந்து தோளில் இடித்துக்கொண்டு நின்றார்.

இந்தப் பக்கத்தை ஆசிரியையிடம் காட்டுங்கள். அடுத்த விழாவில் உங்கள் மகளுக்குக் கண்ணன் வேடம் கொடுக்கச் சொல்லுங்கள், நீலச் சாயம் பூசாமல்.

மற்ற நாட்டுப் புராணங்களில் ஒளி காணாமல் போன கதை உண்டா?
— ஒரு வாசகர், ஈரோடு

ஜப்பானில் உண்டு. தம்பி சுசனோவின் அட்டூழியம் பொறுக்காமல் சூரிய தேவி அமத்தெரசு ஒரு குகைக்குள் போய்க் கல்லால் அடைத்துக்கொள்கிறாள். உலகம் இருண்டுவிடுகிறது. வெளியே ஒரு தேவதை ஆட, மற்ற தெய்வங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கின்றன. ‘நான் இல்லாதபோது இவர்களுக்கு என்ன சிரிப்பு?’ என்று அவள் எட்டிப் பார்க்க, எதிரே பிடித்த கண்ணாடியில் அவள் முகமே தெரிகிறது. வெளியே வருகிறாள். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திய அக்காவைச் சிரிப்பால் திறக்கவைத்த அந்த ஊர்க்காரர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முழங்கால் வலியால் இந்த வருடம் திருவண்ணாமலைக்குப் போக முடியவில்லை. தீபத்தை டிவியில்தான் பார்க்கப்போகிறேன். மனசு ஆறவில்லை.
— ஒரு வாசகி, கடலூர்

விடியற்காலை கோயிலுக்குள் பரணி தீபம், மாலையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் காட்சி கொடுத்ததும் 2,668 அடி உயர மலைமேல் மகாதீபம். டிவியில் அந்த நொடியைப் பார்க்கும்போது உங்கள் வாசல் அகலையும் ஏற்றிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. மலைமேல் கொப்பரையில் நாள்கணக்கில் நெய்யும் திரியும் எரிந்தபின் கிடைக்கிற தீப மையைச் சேர்த்து வைத்து, மார்கழித் திருவாதிரை அன்று நடராஜருக்குச் சாத்திய பிறகு பிரசாதமாகக் கொடுப்பார்கள். போய்வருகிற யாரிடமாவது இப்போதே சொல்லிவையுங்கள். என் பூஜை அலமாரியில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. பிரித்தால் மாடக்குழி வாசனை வரும். விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வேன். நல்ல கறுப்பு.